பார்த்தேன், காணவில்லை: பார்வை முதல் தொலைநோக்கு வரை

ஓர் அலுவலக ஆவணத்தைத் தமிழாக்குவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பார்வை, காட்சி, நோக்கு, கண்ணோட்டம், தொலைநோக்கு, தீர்க்கதரிசனம், முன்னறிவு என்று எல்லாவற்றையும் அகராதி ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. இவற்றுள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, வரப்போவதை அறிவதற்குப் பழந்தமிழில் என்ன சொன்னார்கள் என்பது உங்கள் கேள்வி. வேறுபாடு உண்டு. அகராதியைவிட அன்றாடப் பேச்சில்தான் அது பளிச்சென்று தெரியும்.

தொலைந்த சாவியைத் தேடியவர், "எங்கும் பார்த்தேன், காணவில்லை" என்கிறார். இந்தத் தொடரில் இரண்டு வினைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். "எங்கும் கண்டேன், பார்க்கவில்லை" என்றால் பொருள் நொறுங்கிவிடுகிறது. பார்ப்பது நம் முயற்சி. காண்பது அந்த முயற்சிக்குக் கிடைக்கும் பேறு. கண்ணைத் திருப்பினால் பார்த்தாயிற்று. பொருள் கண்ணுக்கு அகப்பட்டால்தான் கண்டதாகும். அதனால்தான் தீர்வு காண்கிறோம், வெற்றி காண்கிறோம், கனவு காண்கிறோம்; தீர்வு பார்ப்பதில்லை, கனவும் பார்ப்பதில்லை. உரையாசிரியர் ஒரு நூலுக்கு "உரை கண்டார்" என்று சொல்லும்போது அவர் எழுதினார் என்றே பொருள். உடம்பில் அம்மை "கண்டிருக்கிறது" என்னும்போதோ யாரும் எதையும் பார்க்கவில்லை, நோய்தான் வெளிப்பட்டிருக்கிறது.

கம்பராமாயணத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் "கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்" என்று தொடங்குகிறான். முதற்சொல்லிலேயே செய்தி முடிந்துவிடுகிறது என்று மேடைதோறும் வியக்கிறார்கள். அந்த வியப்பில் பாதி 'காண்' என்னும் வினைக்குச் சேர வேண்டும். தேடிப் போனவன் 'பார்த்தேன்' என்று தொடங்கியிருந்தால், பார்த்தாய், கிடைத்தாளா என்ற கேள்வி தொக்கி நின்றிருக்கும்.

தமிழகப் பேச்சுவழக்கில் 'காண்' சுருங்கிவிட்டது. 'பார்' அதன் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இலங்கைத் தமிழர் பேச்சில் "உங்களைக் கண்டு கனகாலம்" என்பது இன்றும் இயல்பு. மலையாளத்திலும் காணுவதும் நோக்குவதும் தனித்தனி அன்றாட வினைகளாகவே வாழ்கின்றன. நாமோ 'நோக்கு' என்பதைத் தாளுக்கு அனுப்பிவிட்டோம், வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 'நோக்கு'தான் மூன்றாவது சொல், மூன்றிலும் கனமானது. கண்ணோடு கருத்தும் சேர்ந்து ஒரு திசைக்குத் திரும்புவதே நோக்கு. நோக்கம் என்றால் எண்ணம் என்று ஆனதும் இந்த வழியில்தான். திருக்குறளில் இச்சொல் படும் பாட்டைப் பார்த்தால் இதன் அகலம் தெரியும். "இருநோக்கு இவளுண்கண் உள்ளது" (1091) என்னும்போது ஒரே கண்ணிலிருந்து நோயும் மருந்தும் புறப்படுகின்றன. "பிறன்மனை நோக்காத பேராண்மை" (148) என்னும்போது நோக்குதல் என்பது ஆசைப்படுதல். "வானோக்கி வாழும் உலகெல்லாம்" (542) என்னும்போது, ஒன்றை நம்பி அதன் தயவில் இருத்தல். 528ஆம் குறளில் 'பொதுநோக்கு' என்று ஒரு சொல் வருகிறது: எல்லாரையும் ஒன்றுபோலப் பாவிக்கும் பார்வை. அரசன் அப்படிப் பாராமல் அவரவர் தகுதிக்கேற்ப நோக்கினால், அதை நோக்கிப் பலர் அவனைச் சூழ்ந்து வாழ்வர் என்கிறது குறள். மூன்று முறை 'நோக்கு' வருகிறது, மூன்றும் ஒரே பொருளில் இல்லை.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செய்யுளியல் எண்ணிச் சொல்லும் செய்யுள் உறுப்புகளில் நோக்கும் ஒன்று. "மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே" என்பது நூற்பா. மாத்திரையிலிருந்து அடிவரை, படிப்பவனை நின்று திரும்பிப் பார்க்க வைப்பது எதுவோ அதுவே நோக்கு. இங்கே நோக்கு பார்ப்பவன் கண்ணில் இல்லை, பார்க்கப்படும் பாட்டில் இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த இலக்கணக் கருத்துகளில் இது ஒன்று.

இனி, காட்சி. இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் திரையரங்கின் மாலைக் காட்சியோ, கண்காட்சியோ, தொலைக்காட்சியோ நினைவுக்கு வரும். எல்லாம் நமக்குக் காட்டப்படுபவை. பழைய நூல்களில் காட்சி என்பது காண்பவனுக்குள் இருக்கும் தெளிவு. "மாசறு காட்சியவர்" (199, 352), "நடுக்கற்ற காட்சியவர்" (654) என்று வள்ளுவர் சொல்வது கூர்மையான கண் உள்ளவரை அன்று. மயக்கம் நீங்கிய அறிவுடையவரை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் (192) "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடியோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். ஆற்று வெள்ளத்தில் போகும் புணைபோல உயிர் முறைவழியே செல்லும் என்பதை "திறவோர் காட்சியில் தெளிந்தனம்" என்று அதே பாட்டு பின்னால் சொல்கிறது. அந்தக் 'காட்சி'க்கு ஈடாகப் 'பார்வை' என்று எழுதிப் பாருங்கள், எடை குறைந்துவிடும்.

சமணர் மும்மணி என்று போற்றும் மூன்றில் முதலாவது நற்காட்சி. நல்ஞானமும் நல்லொழுக்கமும் அதன் பின்னர்த்தான். அங்கே காட்சி என்பது உண்மையின்மேல் கொள்ளும் உறுதி. எதையும் அறியும் வழிகளை (அளவைகளை) ஆராயும் அளவை நூலாருக்குக் காண்டல், அதாவது நேரே அறிதல், என்பது ஐம்புலனுக்கும் பொது. மணிமேகலையின் 27ஆம் காதை கண்ணுக்கு வண்ணம், செவிக்கு ஓசை, மூக்குக்கு நாற்றம், நாவுக்குச் சுவை, மெய்க்கு ஊறு என்று ஐந்தையும் காண்டல் அளவைக்குள் அடக்குகிறது. மணத்தை முகர்வதும் காட்சியே. நாமும் 'செய்து பார்', 'கேட்டுப் பார்', 'சுவைத்துப் பார்' என்று எல்லாப் புலன்களுக்கும் கண்ணின் வினையைத்தானே கடனாகக் கொடுக்கிறோம்.

ஆனால் சொற்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மாசறு காட்சியைத் தந்த அதே 'காண்' தான் 'கண்டவன்', 'கண்ட கண்ட இடம்' என்ற இளக்காரத்தையும் தந்திருக்கிறது.

பொருள் அடியோடு இடம் மாறிய சொல் கண்ணோட்டம். "பெண்ணியக் கண்ணோட்டம்", "வரலாற்றுக் கண்ணோட்டம்" என்று இன்று தாராளமாக எழுதுகிறோம். ஒரு பொருளை எந்த நிலையிலிருந்து பார்க்கிறோம் என்பதே பொருள். குறளின் 58ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். அங்கே அதன் பொருள் இரக்கம்: பழகியவர்மேல் கண் தானாகவே ஓடுதல், முகம் முறிக்க முடியாமை. "கண்ணென்னாம் கண்ணோட்டம் இல்லாத கண்" (573) என்பதை ஒரு மாணவர், தனக்கென்று ஒரு கருத்துநிலை இல்லாதவரின் கண் வீண் என்று விளக்கி எழுதியிருந்ததைத் திருத்தும்போது பார்த்தேன். மதிப்பெண் தர முடியவில்லை. குறை சொல்லவும் மனம் வரவில்லை. சொல் அப்படி நழுவிவிட்டது. பழம்பாட்டை மேற்கோள் காட்டும் இடங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மற்ற இடங்களில் புதிய பொருளிலேயே எழுதலாம், அதை இனி யாரும் திருப்ப முடியாது.

'பார்வை'யிலும் இப்படி ஒரு பழைய வியப்பு ஒளிந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் "பார்வை யாத்த பறைதாள் விளவின்" என்று ஓர் அடி உண்டு. விளாமரத்தில் பார்வையைக் கட்டுவதாவது? பார்வை என்பது அங்கே வேட்டுவர் பழக்கி வைத்திருக்கும் மான். காட்டு மானை ஏமாற்றி வரவழைக்கக் கட்டி வைக்கப்படுவது. கண்ணை இழுப்பதால் அதற்கு அந்தப் பெயர் போலும் என்பது என் ஊகம்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன். 'தொலைவு' என்பதையும் 'பார்ப்பது' என்பதையும் சேர்த்துத் தமிழில் எத்தனை சொற்கள் ஆக்கியிருக்கிறோம் என்று எண்ணினால் சிரிப்பு வரும். தொலைநோக்கு என்றால் நெடுங்காலச் சிந்தனை. தொலைநோக்கி என்றால் வானத்தைப் பார்க்கும் கருவி. தொலைக்காட்சி வீட்டுப் பெட்டி. தூர்தர்ஷன் என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மறுபடியும் தொலைக்காட்சிதான். தூரதிருஷ்டி என்பது தொலைநோக்குக்கு முந்தைய தலைமுறை வைத்திருந்த பெயர். தூரப்பார்வையோ கண் மருத்துவர் எழுதித் தரும் குறைபாடு: தொலைவில் உள்ளது தெரியும், கைக்கெட்டும் எழுத்து மங்கும், குவி வில்லைக் கண்ணாடி போட வேண்டும். கூறுகள் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று பாராட்டு, ஒன்று நோய், ஒன்று பெட்டி. ஆகவே தலைவரைப் புகழ நினைத்து "தூரப்பார்வை கொண்டவர்" என்று எழுதிவிடாதீர்கள். கிட்டப்பார்வை இதற்கு நேர்மாறு: விழிக்கோளம் நீண்டு, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுவதால் அண்மை தெரியும், தொலைவு மங்கும். "கிட்டப்பார்வை கொண்ட கொள்கை" என்று சிலர் பழிக்கும் பொருளில் எழுதுகிறார்கள். புரியத்தான் செய்கிறது, ஆனால் 'குறுகிய நோக்கு' என்பதே நம் காதுக்குப் பழகியது.

ஒரு நிறுவனத்தின் அறிமுக ஏட்டைத் திருத்தக் கொடுத்தார்கள். "எங்கள் பார்வை" என்று தலைப்பு, கீழே ஐந்தாண்டுகளில் நூறு கிளைகள் திறப்போம் என்ற உறுதி. தலைப்பை அடித்து 'எங்கள் தொலைநோக்கு' என்று எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது "எங்கள் தொலைநோக்கி" என்றிருந்தது. அந்த நூறு கிளைகளையும் அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தொலைநோக்கு பழஞ்சொல்லா என்றால், இல்லை. சங்கப் பாடல்களில் தொலைதல் என்றால் தோற்றல், அழிதல், கெடுதல். தூரத்துக்கு அவர்களிடம் 'சேண்' இருந்தது. தொலைநோக்கு என்று ஒரு சங்கப் புலவரிடம் சொன்னால் அழிவை எதிர்பார்க்கும் பார்வை என்று எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்வார். தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றோடு சேர்ந்து வேரூன்றிய நவீன ஆக்கம் இது, நன்றாகவே வேரூன்றிவிட்டது. தமிழக அரசு 2012இல் வெளியிட்ட ஆவணத்துக்கே "தொலைநோக்குத் திட்டம் 2023" என்று பெயர். இலங்கை அலுவலகங்களில் இதே பொருளுக்கு 'தூரநோக்கு' வழங்குகிறது. உங்கள் ஆவணம் எந்த நாட்டு வாசகருக்கு என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

தொலைவை உற்றுப் பார்க்கும் பழைய சித்திரம் ஒன்று புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் உண்டு: "பார்வல் இருக்கைக் கவிகண் நோக்கின்". பார்வல் இருக்கை என்பது இருந்து கண்காணிக்கும் இடம். கவிகண் நோக்கு என்பது கையைக் குவித்துக் கண்ணுக்கு மேல் வைத்துத் தொலைவைப் பார்ப்பது. இரும்பிடர்த்தலையார் என்ன அழகாகப் பிடித்திருக்கிறார்! ஆனால் அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் வழிப்போக்கர்மேல் குறிதவறாமல் அம்பு விடக் காத்திருக்கும் வன்கண் ஆடவர். தொலைவைப் பார்க்கத் தெரிவது தன்னளவில் ஓர் அறம் என்று அந்தப் பாட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

வரப்போவதை அறியும் அறிவைப் பற்றிப் பேசும்போது குறள் கண்ணைவிடக் காவலையே முன்னிறுத்துகிறது. "எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்" (429). எதிர்வரப் போவதை அறிந்து காத்துக்கொள்பவருக்கு நடுங்க வைக்கும் துன்பம் இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் அது கணக்கில் சேராது, காக்க வேண்டும். "வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்" (435) என்பதிலும் காத்தலே வினை. 429ஆம் குறள் உள்ள அறிவுடைமை அதிகாரத்திலேயே "அறிவுடையார் ஆவ தறிவார்" (427) என்று மூன்றே சொற்களில் ஓர் இலக்கணமும் இருக்கிறது. ஆவது என்றால் இனி ஆகப்போவது. முன்னறிவுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அந்தக் காவலுக்கு வேண்டிய கண்கூட அரசனின் சொந்தக் கண் அன்று. ஒற்றும் நூலும் "மன்னவன் கண்" (581). சூழ்வாரைக் கண்ணாகக் கொண்டே உலகம் நடக்கிறது (445). சூழ்தல் என்றால் ஒரு காரியத்தைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் எண்ணிப் பார்த்தல். அப்படி எண்ணுவது சூழ்ச்சி. இன்று அது சதி என்று ஆகிவிட்டது. 'கண்ணோட்டம்' போல இதுவும் கைவிட்டுப் போன நல்ல சொல்.

429இல் உள்ள 'எதிர்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொல்காப்பியம் மூன்று காலங்களை "இறப்பின் நிகழ்வின் எதிர்வின்" என்று சொல்கிறது. கடந்து போனது, நடப்பது, எதிரே வருவது. வழியில் நம்மை நோக்கி ஒருவர் வருவதுபோலக் காலம் எதிரே வருகிறது. 'எதிர்பார்' என்ற சொல் இந்தச் சித்திரத்திலேயே பிறந்தது. ஆனால் 'முன்', 'பின்' என்ற சொற்களைக் காலத்துக்குப் பயன்படுத்தும்போது திசை தலைகீழாகிறது. முன்னொரு காலம் என்றால் கழிந்த காலம். முன்னோர் என்றால் இறந்தவர். பின்னர் என்றால் இனிமேல். இறந்தகாலம் நமக்கு முன்னாலும் வருங்காலம் பின்னாலும் நிற்கின்றன! "முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்" (535) என்னும் குறளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. முன் காவாதவன் பின் வரும் ஊறுக்கு இரங்குவான். எனவே முன்னறிவு என்ற சொல்லில் 'முன்' என்பது எதிரே உள்ளதைக் குறிக்கவில்லை. நடப்பதற்கு முன்னரே அறிவது என்று பொருள். பின்விளைவை முன்னறிவது என்று எழுதினால் முரண் போலத் தோன்றும், ஆனால் சரியான தமிழ். இது புரியாமல் 'முன்விளைவுகள்' என்று எழுதப்பட்ட அறிக்கையை ஒருமுறை நான் திருத்த வேண்டியிருந்தது.

எப்படி முன்னறிவது என்பதற்கும் பழைய விடை ஒன்று உண்டு. மணிமேகலையின் அதே 27ஆம் காதை கருதல் அளவையை, அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகித்து அறிவதை, வகைப்படுத்தும்போது, ஆற்றில் பெருகி வரும் வெள்ளத்தைக் கண்டு தலைப்பகுதியில் மழை பெய்திருக்கிறது என்று அறிவதை ஒரு வகையாகவும், "கருக்கொள் முகில்" கண்டு இனி மழை பெய்யும் என்று சொல்வதை இன்னொரு வகையாகவும் பிரிக்கிறது. விளைவிலிருந்து பின்னோக்கிக் காரணத்துக்குப் போவது ஒன்று. காரணத்திலிருந்து வரப்போகும் விளைவுக்குப் போவது மற்றொன்று. வானிலை அலுவலகம் செய்வதும் இந்த இரண்டாம் வகைதான், கருவிகள் மட்டும் மாறியிருக்கின்றன. அதற்குத் தமிழகத்தில் முன்னறிவிப்பு என்கிறோம், இலங்கையில் எதிர்வுகூறல். தொல்காப்பியர் சொன்ன 'எதிர்வு' இலங்கை வானிலை அறிக்கையில் நாள்தோறும் ஒலிப்பது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

தீர்க்கதரிசனம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. 'தீர்க்கம்' என்றால் நீளம்; சொல்லளவில் அதுவும் நெடும்பார்வையே. ஆனால் விவிலியத் தமிழில் இறைவாக்கு உரைப்பவரைத் தீர்க்கதரிசி என்று அழைத்துப் பழகியபின் அதில் அருள்வாக்கின் வாசம் ஏறிவிட்டது. காரணம் காட்டிக் கணிப்பவரைத் தீர்க்கதரிசி என்றால், அவர் உழைப்பை மறைத்துவிடுகிறோம். ஒரே வேர் எப்படிப் பிரிந்து போகிறது என்பதற்கு இதன் உறவினர்களைப் பாருங்கள்: தரிசனம் கோயிலுக்குப் போயிற்று, திருஷ்டி கெட்ட கண்ணாகிச் சுற்றிப் போடப்பட்டது. முன்னுணர்வு என்பது காரணம் தெரியாமல் மனத்தில் தட்டுவது, முன்கணிப்பு எண்ணைக் கொண்டு செய்வது, முன்யோசனை வீட்டுப் புழக்கத்துக்கானது. இவற்றில் குழப்பம் வராது.

முன்னும் பின்னும் சேர்த்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு தனிச்சொல் உண்டு, அதை யாரும் இப்போது எடுப்பதில்லை. நன்னூல், சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் நிலைகளைச் சொல்லும்போது ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கைக் குறிக்கிறது. சிங்கம் நடந்து போகும்போது முன்னே பார்த்துப் பின்னேயும் திரும்பிப் பார்ப்பதுபோல, முன் சூத்திரத்தோடும் பின் சூத்திரத்தோடும் இயைந்து நிற்பது அரிமா நோக்கம். இலக்கண வகுப்போடு அதை அடைத்து வைத்தது வீண். நிறுவனம் வந்த வழியையும் போக வேண்டிய வழியையும் சேர்த்து எழுதும் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

உங்கள் ஆவணத்துக்கு வருவோம். இலக்கைச் சொல்லும் முதற்பக்கத்துக்குத் 'தொலைநோக்கு' போதும். இடர்களைப் பற்றிய பகுதிக்கு 'வருமுன் காத்தல்' என்று தலைப்பிடுங்கள், 'முன்னறிவு' அங்கே பாதிதான் சொல்லும். பணியாளரின் கண் பரிசோதனையைப் பற்றிய இடத்தில் 'பார்வைத்திறன்'. ஆலோசகர் குழுவைச் 'சூழ்வார்' என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் உங்கள் மேலாளர் சதிகாரர் என்று படித்துவிடுவார், ஆகவே அதை மட்டும் விட்டுவிடுங்கள்.